வாசகர் கேள்விகள்: எந்த வாளின் பிரதி?

பழைய ஐரோப்பிய வாள்களைப் பார்த்துச் செய்யப்படும் பிரதிகளைப் பற்றி வந்த கடிதங்கள் இந்த முறை ஏழெட்டு சேர்ந்துவிட்டதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கி, கேள்விகளைச் சற்றுச் சுருக்கியுள்ளேன்.

கேள்வி: அண்மையில் ஒரு கைவாளின் பிரதியை வாங்கினேன். '13ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீரனின் வாள், வரலாற்றுக்கு முற்றிலும் உண்மையானது' என்று அதனுடன் வந்த அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். அருங்காட்சியகப் படங்களோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. அலகின் நீளம் 80 செ.மீ., மொத்த எடை 1,950 கிராம். அட்டையில் உள்ளது உண்மைதானா என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: படத்தோடு ஒப்பிட்டபோது வேறுபாடு தெரியாமல் போனதில் வியப்பில்லை. உங்கள் வாளைச் செய்தவரும் அநேகமாக அதே படங்களைப் பார்த்துத்தான் செய்திருப்பார். நீளம், அகலம், குமிழின் (கைப்பிடியின் கடைசியில் உள்ள உருண்டையின்) வடிவம், குறுக்குக்காப்பின் (அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே குறுக்காக நிற்கும் காப்பின்) வளைவு ஆகியவற்றைப் படம் காட்டும்; அலகின் தடிமனைக் காட்டாது. பழைய வாள்கொல்லனின் கைத்திறன் பெரும்பாலும் அந்தத் தடிமனில்தான் இருந்தது. அருங்காட்சியகங்களின் பழைய அச்சுப் பட்டியல்களிலும் நீளம், அகலம், எடை மூன்றும் இருக்குமே தவிர, அலகு எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்ற விவரம் அரிதாகவே கிடைக்கும்.

ஆகவே ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குக்காப்பை ஒட்டிய இடத்தில் தொடங்கி, பத்து பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை அலகின் தடிமனை அளந்து ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பள்ளக்கோடு, அதாவது அலகின் நடுவில் நீளவாக்கில் ஓடும் பள்ளம், உள்ள இடத்தில் பள்ளத்தின் அடியில் அளக்காமல், அதன் கரையில், அலகு மிகத் தடித்திருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். அக்காலத்துக் கைவாள்களில் அடிப்பகுதி பொதுவாக நாலரை முதல் ஆறு மில்லிமீட்டர் வரை இருக்கும். முனையை நெருங்கும்போது அது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்துவிடும். நான் முதன்முதலில் வாங்கிய பிரதியை இப்படி அளந்தபோது அடியில் 5.1, முனைக்கு ஒரு சாண் முன்னால் 4.7 என்று வந்தது. ஐந்து மில்லிமீட்டர் தகட்டை வாள் வடிவத்தில் வெட்டி, இரு ஓரங்களையும் சாணை பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அதைச் சுவரில் மாட்டிவைத்து இரண்டு ஆண்டுகளாக வருவோர் போவோருக்கெல்லாம் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மெலிவு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை ஒரு சிறு கணக்கில் காணலாம். உங்கள் அலகைப் போலவே 80 செ.மீ. நீளமுள்ள ஓர் அலகு, எளிமைக்காக நெடுகிலும் 4 செ.மீ. அகலம், இருபுறமும் புடைத்த வில்லை போன்ற குறுக்குவெட்டு என்று வைத்துக்கொள்வோம். தடிமன் முழுவதும் 5 மி.மீ. ஆக இருந்தால் அலகு மட்டும் ஏறத்தாழ 840 கிராம் இருக்கும். அடியில் 5 மி.மீ. தொடங்கி முனையில் 2 மி.மீ. வரை சீராக மெலிந்தால் அது 590 கிராமுக்குக் குறைந்துவிடும். குறைந்தது 250 கிராம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த 250 கிராமில் பெரும்பகுதி கையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள பாதியிலிருந்து போகிறது. அலகின் எடைமையம் அடியிலிருந்து 40 செ.மீ. தொலைவில் இருந்தது 34 செ.மீ. அளவுக்குப் பின்வாங்குகிறது. வீச்சைத் தொடங்கவும் நிறுத்தவும் கை எதிர்கொள்ளும் தடையோ ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. உண்மையான வாளில் அகலமும் முனையை நோக்கிக் குறுகும், பள்ளக்கோடும் எடையைக் குறைக்கும் என்பதால் வேறுபாடு இதைவிட அதிகமாகவே இருக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

தடிமனுக்கு அடுத்து, இது எந்த வாளின் பிரதி என்று விற்பவரிடம் கேளுங்கள். '13ஆம் நூற்றாண்டு வாள்' என்பது விடையாகாது. லண்டனில் உள்ள வாலஸ் கலெக்ஷனிலோ, லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்திலோ, வேறெங்கோ இருக்கும் ஒரு குறிப்பிட்ட வாளை எண்ணோடு சொல்ல முடிந்தால் அது ஒரு விடை. அதன் அளவுகளைத் தேடி ஒப்பிடலாம். குறிப்பிட்ட வாள் எதுவும் இல்லை, ஒரு வகையைப் பின்பற்றினோம் என்றால் அதுவும் ஏற்கத்தக்கதே; ஆனால் எந்த வகை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வகை என்று இங்கே சொல்வது ஆங்கிலேய ஆய்வாளர் யூவர்ட் ஓக்‌ஷாட் 1960களில் வகுத்துத் தந்த வரிசையை. இடைக்கால வாள்களை அவர் அலகின் வடிவத்தை முதன்மையாகக் கொண்டு 10 முதல் 22 வரை எண்ணிட்டு வகைப்படுத்தினார். குமிழ்களுக்கும் குறுக்குக்காப்புகளுக்கும் தனித்தனிப் பட்டியல்கள் தந்தார். அதற்கு முந்திய வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடிகள்) காலத்து வாள்களுக்கு, நார்வேயைச் சேர்ந்த யான் பீட்டர்சன் 1919இல் கைப்பிடியை அடிப்படையாகக் கொண்டு வகுத்த எழுத்து வரிசை இன்றும் வழக்கில் உள்ளது. உங்கள் வாளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பள்ளக்கோடு அகலமாக, ஏறக்குறைய முனைவரை ஓடினால் அந்த அலகு 10ஆம் வகையைச் சேர்ந்தது. அது 13ஆம் நூற்றாண்டுக்கு முந்திய மரபு. அலகின் மூன்றில் இரண்டு பங்கு அளவில் பள்ளக்கோடு தேய்ந்து நின்று, அலகு முனையை நோக்கித் தெளிவாகக் குறுகினால் 12ஆம் வகை. 13ஆம் நூற்றாண்டுக்குப் பொருத்தமாக இருக்கும். பள்ளமே இல்லாமல் நடுவில் முகடு வைத்து, கூர்மையான முக்கோணம் போலக் குறுகும் 15ஆம் வகை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டினாலும், செல்வாக்குப் பெற்றது அடுத்த இரு நூற்றாண்டுகளில்தான்.

குமிழையும் பாருங்கள். பிரேசில் கொட்டையைப் பிளந்து வைத்தது போன்ற குமிழ் பழையது. வட்டச் சக்கரம் போன்றது 13ஆம் நூற்றாண்டில் மிகப் பரவலானது. அத்தர்க் குப்பியின் மூடியைப் போல மேல்நோக்கி அகலும் குமிழாக இருந்தால், உங்கள் அட்டையில் அச்சிட்ட நூற்றாண்டு தவறு.

1,950 கிராம் என்பதை மட்டும் வைத்தே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். அந்த நீளத்தில் ஒரு கையால் பிடிக்கும் வாள்கள் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். உங்கள் வாள் வடிவத்தில் பிரதியாக இருக்கலாம். வாளாக அது வேறு ஒன்று.

கேள்வி: அக்காலத்து வீரர்கள் சிறுவயது முதலே பயிற்சி பெற்றவர்கள், உடல்வலிமை மிக்கவர்கள், அதனால் அவர்களுடைய வாள்கள் கனமாக இருந்ததில் என்ன வியப்பு? நான் பார்த்த ஒரு அருங்காட்சியகத்தில் ஆறு கிலோ வாள் ஒன்று இருந்தது.

பதில்: வலிமை உள்ளவன் கையிலும் கனமான வாள் மெதுவாகத்தான் திரும்பும், எதிரில் நிற்பவனும் வலிமை உள்ளவன்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. நீங்கள் பார்த்தது அநேகமாக ஊர்வலத்தில் ஏந்திச் செல்வதற்கான வாளாக இருக்கும். ஆட்சியாளருக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்துச் செல்லவும், மண்டபத்தில் வைக்கவும் அப்படிப்பட்ட பேருருவ வாள்கள் செய்யப்பட்டன. அவை சண்டைக்கு உரியவை அல்ல. 16ஆம் நூற்றாண்டில் காலாட்படையினர் உண்மையிலேயே பயன்படுத்திய இருகை வாள்கள்கூடப் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றரைக் கிலோவுக்குள் இருந்தன.

எடையை ஒப்பிடும்போது இன்னொரு பக்கமும் எச்சரிக்கை தேவை. ஆற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கிடைத்த வாள்கள் துருவினால் கணிசமான இரும்பை இழந்தவை. கைப்பிடியின் மரமும் தோலும் மக்கிப் போயிருக்கும். பட்டியலில் 950 கிராம் என்று கண்டால், அந்த வாள் பட்டறையிலிருந்து வெளிவந்த நாளில் அதைவிடக் கூடுதலாக இருந்தது என்று கொள்ள வேண்டும். ஆகவே பட்டியல் எடையைவிட நூறு கிராம் கூடியிருக்கும் ஒரு பிரதியைத் தவறு என்று தள்ளிவிடாதீர்கள். தேவாலயக் கருவூலங்களிலும் ஆயுதக் கிடங்குகளிலும் பாதுகாக்கப்பட்டு, மண்ணுக்குள் போகாமல் வந்த வாள்களே ஒப்பீட்டுக்கு நல்லவை. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் கைக்குப் போய், அலெக்சாந்திரியா ஆயுதக் கிடங்கில் வைக்கப்பட்ட ஐரோப்பிய வாள்கள் இவற்றுள் அருமையானவை. கிடங்கில் சேர்த்த விவரத்தை அரபியில் அலகிலேயே பொறித்து வைத்திருப்பதால், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எந்த வடிவம் வழக்கில் இருந்தது என்பதை ஊகமின்றிச் சொல்ல அவை உதவுகின்றன.

கேள்வி: எடைமையம் குறுக்குக்காப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்க வேண்டும்? என் பிரதியில் 10 செ.மீ. வருகிறது. நல்ல வாள் என்றுதானே பொருள்?

பதில்: பத்து செ.மீ. என்பது கைவாளுக்கு இயல்பான அளவுதான். ஆனால் அந்தப் பத்து எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். மெலிவே இல்லாத கனத்த அலகைச் செய்துவிட்டு, எடைமையம் முன்னால் போய்விட்டதே என்று பின்னால் பெரிய குமிழைக் கட்டி இழுத்துப் பிடிப்பது பட்டறைகளில் சாதாரணமாக நடப்பது. மையம் சரியான இடத்துக்கு வந்துவிடும். ஆனால் இரு முனையிலும் கனம் தொங்கும் காவடியைத் திருப்புவது போல வாளைத் திருப்ப வேண்டியிருக்கும்.

இதைக் கருவி எதுவுமின்றிச் சோதிக்கலாம். முனை கீழே தொங்கும்படி, குறுக்குக்காப்பை ஒட்டிக் கைப்பிடியை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, கையை மட்டும் பக்கவாட்டில் விரைவாகச் சிறு அசைவில் ஆட்டுங்கள். அலகின் ஏதோ ஓரிடம் அசையாமல் நிற்க, அதன் மேலும் கீழும் உள்ள பகுதிகள் எதிரெதிரே ஆடுவதைக் காண்பீர்கள். அந்த நிலைப்புள்ளி எங்கே விழுகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். எடையும் எடைமையமும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு வாள்களில் இந்தப் புள்ளி ஒரு சாண் வேறுபடக்கூடும். கையில் எடுத்தவுடன் ஒன்று உயிருள்ளதாகவும் மற்றது கடப்பாரையாகவும் தோன்றுவதன் காரணம் இதுதான். தீவிரமாகப் பிரதி செய்யும் கொல்லர்கள் அருங்காட்சியகத்தில் மூல வாளை அளக்கும்போது எடைமையத்தோடு இந்தப் புள்ளியையும் குறித்துக்கொண்டு வருகிறார்கள்.

கேள்வி: அலகின் நடுவில் உள்ள பள்ளம் இரத்தம் வழிந்தோடுவதற்கு என்கிறார்களே?

பதில்: இல்லை. எடையைக் குறைக்கவும், அதே எடையில் அலகு துவளாமல் விறைப்பாக நிற்கவும் வெட்டப்பட்டது. பிரதியில் அந்தப் பள்ளம் முடியும் இடத்தைத் தடவிப் பாருங்கள். பழைய வாளில் அது மெல்ல மேலெழுந்து அலகோடு கலந்து மறையும். அரவைச் சக்கரத்தை இறக்கி ஏற்றிய வட்டத் தடம் தெரிந்தால், அவசர வேலை.

கேள்வி: வைக்கிங் வாள் ஒன்றின் பிரதியை விலை பேசிக்கொண்டிருக்கிறேன். அலகு முழுவதும் அலை அலையாக டமாஸ்கஸ் வரிகள். அதன்மேல் 'உல்ஃபெர்ட்' என்ற புகழ்பெற்ற பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இதைவிட வரலாற்றுத் தன்மை ஒரு வாளுக்கு வேண்டுமா?

பதில்: இரண்டு சிறப்புகளையும் ஒரே அலகில் ஏற்றியதுதான் சிக்கல்.

முதலில் வரிகளைப் பார்ப்போம். டமாஸ்கஸ் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி எடுத்த எஃகில், கார்பைடு துகள்கள் பட்டை பட்டையாகச் சேர்வதால் அமிலம் தடவும்போது நீரலை போன்ற வரிகள் இயற்கையாகவே எழும். 'ஊட்ஸ்' என்று உலகம் அறிந்த இந்த எஃகின் பெயரை நம் 'உருக்கு' என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவாரும் உண்டு. பாரசீக, துருக்கிய, இந்திய வாள்களில் இதைக் காணலாம். இரண்டாவது, ஐரோப்பாவில் வைக்கிங் காலத்துக்கு முன்பிருந்தே வழங்கிய முறுக்குக் கம்பி வேலை: இரும்பும் எஃகும் மாறி மாறி அடுக்கிய கம்பிகளை முறுக்கி, இரண்டு மூன்றை அருகருகே வைத்துக் கொல்லுலையில் ஒட்டடித்து, அலகின் நடுப்பகுதியைச் செய்வார்கள், வெட்டும் ஓரங்களுக்குத் தனி எஃகுப் பட்டைகளை ஒட்டுவார்கள். மூன்றாவது, இன்றைய அடுக்குத் தகடு: நிக்கல் கலந்த எஃகையும் சாதாரண எஃகையும் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக ஒட்டி, அமிலத்தில் ஊறவைத்துக் கறுப்பு வெள்ளையாகப் பளிச்சிட வைப்பது. சந்தையில் உள்ள பிரதிகள் பெரும்பாலும் மூன்றாவதைச் சேர்ந்தவை.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் வாளில் வரிகள் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராகப் பரவியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். அப்படியானால் அது அடுக்குத் தகடு. உண்மையான வைக்கிங் முறையில் நடுவில் முறுக்குத் தடங்கள் நாணல் பாய்ப் பின்னலைப் போல நீளவாக்கில் ஓடும். ஓரத்தில் வரியில்லாத எஃகு ஒரு விரற்கடை அளவுக்குத் தெளிவாகத் தெரியும். நிறமும் அத்தனை பளிச்சென்று இராது. அன்றைய கொல்லன் பாஸ்பரஸ் உள்ள இரும்பைக் கலந்து பெற்ற வேறுபாடு வெள்ளிச் சாம்பலுக்கும் மங்கிய சாம்பலுக்கும் இடைப்பட்டதுதான்.

இனி அந்தப் பெயர். 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான வாள்களில் இந்தப் பெயர் பொறித்தவை நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு நீண்ட காலம் ஒரே மனிதன் செய்திருக்க முடியாது. ஒரு பட்டறையின் முத்திரையாக இருந்து, பிறகு பலர் போலி செய்த பெயராகவும் ஆகியிருக்க வேண்டும், ஏனெனில் எழுத்துப் பிழையோடு கிடைத்தவையும் பல. இந்த வாள்களின் அலகுகள் பெரும்பாலும் முறுக்குக் கம்பி வேலையால் ஆனவை அல்ல. நல்ல எஃகு கிடைக்கத் தொடங்கியபின் அந்த வேலைப்பாடு தேவையற்றுப் போன காலத்தின் வாள்கள் அவை. வரிகள் நிறைந்த அலகில் இந்தப் பெயரை இடுவது ஒரு தலைமுறையின் பெருமையை எடுத்து முந்திய தலைமுறையின் உடம்பில் குத்துவது போன்றது.

எழுத்துகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதை ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மூல வாள்களில் எழுத்தைச் செதுக்கவில்லை. கம்பித் துண்டுகளை எழுத்தின் கோடுகளாக வெட்டி, சூடேறிய அலகின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து அலகோடு ஒட்டவைத்தார்கள். அதனால் எழுத்து இரண்டு செ.மீ. உயரத்துக்கும் மேல் பெரியதாக, கோடுகள் சற்றுக் கோணலாக, மூலைகள் பிதுங்கி, பள்ளக்கோட்டின் அகலம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு இருக்கும். அலகின் மறுபக்கத்தில் எழுத்துக்குப் பதிலாகக் குறுக்கும் நெடுக்குமான கோடுகளால் ஆன ஓர் உருவம் இருக்கும். உங்களுக்குக் காட்டியதில் எழுத்துகள் அச்சிட்டது போல மெல்லிய கறுப்புக் கோடுகளாக இருந்தால் அவை லேசரால் சுட்டவை. விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். ஒட்டடித்த எழுத்து மெருகிட்டபின் கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது.

பேரம் பேசுவதாக இருந்தால் பெயரும் வரியும் இல்லாத வாளைக் கேட்டுப் பாருங்கள். அதே பணத்தில் அலகின் வடிவம் சரியாக அமைந்தது கிடைக்க வாய்ப்புண்டு.

கேள்வி: இன்றைய எஃகில் செய்த எந்த வாளும் வரலாற்றுக்கு உண்மையானதாக இருக்க முடியாது என்கிறார் என் நண்பர். துருப்பிடிக்காத எஃகும் கூடாது என்கிறார். இரண்டும் ஒரே அளவு தவறா?

பதில்: நண்பர் சொல்வதில் முதல் பாதி கண்டிப்பானவர்களுக்கு உரியது. இடைக்கால எஃகு உருக்குப் பாளமாக வரவில்லை. சிறு உலைகளில் நுரைத்த கட்டியாகக் கிடைத்து, அடித்து அடித்துக் கசடு நீக்கப்பட்டது. என்ன செய்தாலும் கசடின் மெல்லிய இழைகள் உள்ளே தங்கும். கரிமச் சத்தும் இடத்துக்கு இடம் மாறும். இன்றைய கரிம எஃகு ஒரே சீரானது. சரியாகப் பதப்படுத்தினால் பழைய வாளைவிட உறுதியானது. ஆனால் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அதே வடிவத்தில் அதே தடிமன்களோடு செய்தால், எடையும் கையசைவும் பழைய வாளைப் போலவே வரும். மூலப்பொருளில் விலகியும் இயக்கத்தில் உண்மையாக இருக்கும் அந்தப் பிரதியை நான் மனமுவந்து ஏற்பேன். பழைய முறையில் உலை வைத்து இரும்பெடுத்து வாள் செய்வோர் இன்றும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலை ஆராய்ச்சிக்கு நிகரானது, அதை அளவுகோலாக வைத்து மற்றவற்றை ஒதுக்குவது நியாயமாகாது.

துருப்பிடிக்காத எஃகு வேறு கதை. அது ஷெஃபீல்டில் 1913இல் ஹாரி பிரியர்லி கண்டறிந்ததிலிருந்து பரவியது. சமையலறைக் கத்தி அளவுக்கு நன்றாக உழைக்கும் அது, ஒரு கை நீளத்துக்கு நீண்டு அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய அலகில் முறியும் தன்மை கொண்டது. அலங்காரத்துக்கு மட்டும் செய்தவர்களே அதைத் தேர்வதால், மற்ற விவரங்களிலும் அக்கறை காட்டியிருக்க மாட்டார்கள் என்று கொள்வதில் பெரும்பாலும் தவறு நேராது. அதே போல, பழமையாகத் தெரிய வேண்டும் என்று அமிலத்தில் கறுக்க வைத்த அலகும் தவறான பிரதியே. அந்தக் கறுப்பு எழுநூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்ததால் வந்தது. வாளின் சொந்தக்காரன் இடையில் கட்டியிருந்தபோது அது பளபளவென்று துலக்கிய எஃகாக இருந்தது.

கேள்வி: வாள்பயிற்சிக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். அங்கே கூர் மழுக்கிய வாள் கட்டாயம். பயிற்சி வாளிலும் வரலாற்று உண்மையை எதிர்பார்க்கலாமா?

பதில்: ஓரளவுக்கே எதிர்பார்க்கலாம். பாதுகாப்புக்காக ஓரத்தை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிப்பாக விட வேண்டியிருப்பதால், பழைய அலகின் குறுக்குவெட்டை அப்படியே வைத்துக்கொள்ள இயலாது. வைத்தால் எடை ஏறிவிடும். நல்ல கொல்லர்கள் அலகின் அகலத்தைக் குறைத்து அதை ஈடுசெய்கிறார்கள். அதனால் பயிற்சி வாள் பார்வைக்கு ஒல்லியாகவும் கையில் சரியாகவும் இருக்கும். எடையும் நிலைப்புள்ளியும் பொருந்தினால் தோற்றத்தில் விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள பிரதியில் அலகு 12ஆம் வகை, குறுக்குக்காப்பு அதற்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது, கைப்பிடி 13 செ.மீ. நீளம், தடித்த தோலால் சுற்றியது. குமிழைத் திருகாணி கொண்டு முடுக்கியிருக்கிறார்கள். தெரிந்த ஒருவர் 'கதம்ப வாள்' என்று கேலி செய்கிறார். எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: கதம்பம் என்பதே குற்றமாகாது. வியன்னாவின் அரசக் கருவூலத்தில் உள்ள புனித ரோமப் பேரரசின் வாள் 1198இல் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஓட்டோவின் முடிசூட்டு விழாவுக்காகச் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது; அது உறங்கும் உறையோ 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நல்ல அலகைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. பேரனின் காலத்தில் புதிய பாணியில் கைப்பிடி போட்டுக்கொண்ட அலகுகள் ஏராளம். 1453இல் பிரான்ஸில் நடந்த கஸ்தீயோன் போரோடு தொடர்புபடுத்தப்படும், தோர்தோஞ் ஆற்றிலிருந்து எடுத்த எண்பது வாள்களைப் பாருங்கள்: ஒரே இடத்தில், ஒரே காலத்தில் கிடைத்தவற்றிலேயே வடிவங்கள் பலவாக இருக்கின்றன. பழைய அலகில் பிந்திய குறுக்குக்காப்பு என்பது வரலாற்றில் நடந்த ஒன்று. இதன் எதிர்மாறாக, பிந்திய அலகில் ஒரு நூற்றாண்டு முந்திய கைப்பிடி அமைந்திருந்தால்தான் விளக்கம் சொல்லச் சிரமப்படுவோம்.

கைப்பிடியை மாற்றுவதில் பயன் உண்டு. ஒரு கை வாளுக்குப் பத்து செ.மீ. சொச்சமே வழக்கம், கையைக் குமிழும் குறுக்குக்காப்பும் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும்படி அது அமைந்திருந்தது. இன்றைய தயாரிப்பாளர்கள் தடித்த கையுறைக்கு இடம் விட்டு நீட்டிவிடுகிறார்கள். உள்ளே மரம், அதன்மேல் மெல்லிய கயிற்றை நெருக்கமாகச் சுற்றிப் பசை தடவி, ஆட்டுத்தோல் போன்ற மெல்லிய தோலை இறுக்கி ஒட்டினால் கயிற்றின் வரிகள் தோலின் மேலேயே தெரியும். கை வழுக்காமல் பிடிப்பதும் அந்த வரிகளால்தான். ஆனால் கைப்பிடியைக் குட்டையாக்க வேண்டுமானால் குமிழ் மூன்று செ.மீ. முன்னால் நகர வேண்டும். எடைமையமும் அதோடு முன்னால் போகும். எனவே மரத்தை வெட்டுவதற்கு முன் குமிழை அந்த இடத்தில் தற்காலிகமாக நிறுத்தி, நிலைப்புள்ளியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

திருகாணி மட்டும் இடைக்காலத்துக்கு முற்றிலும் அயலானது. அக்காலத்தில் கைப்பிடிக்குள் செல்லும் அலகின் தண்டு குமிழைத் துளைத்து வெளியே வந்து, அதன் நுனி சம்மட்டியால் தறையப்பட்டிருக்கும், அதாவது அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். குமிழின் உச்சியில் பட்டாணி அளவுக்கு அந்தத் தழும்பு தெரியும். உங்கள் வாளை அப்படி மாற்றுவதாக இருந்தால், மறை வெட்டிய பகுதிக்குக் கீழே தண்டு குமிழைத் தாண்டிக் குறைந்தது நான்கைந்து மில்லிமீட்டர் முழு உலோகமாக நீள்கிறதா என்று முதலில் பாருங்கள். கைப்பிடியைக் குறைத்தால் அந்த நீளம் தானாகவே கிடைத்துவிடும். தண்டு ஒரு மெல்லிய கம்பியாக அலகின் அடியில் பற்றவைத்து ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டால், தறையவும் வேண்டாம், வீசவும் வேண்டாம்; அது சுவரில் மாட்டுவதற்காகச் செய்த வாள்.